பச்சைக் கொட்டைக்கு நான் காட்டிய வெயில்

மாமா காப்பிக்கொட்டையைக் கடித்துப் பார்க்கும் விதம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. வறுத்த கொட்டையை யார் வேண்டுமானாலும் கடிப்பார்கள். அவர் கடிப்பது வறுக்காத பச்சைக் கொட்டையை. சாக்கின் வாயைப் பிரித்ததும் மூன்று விரலால் கொஞ்சம் அள்ளுவார். அதில் ஒன்றை மட்டும் வெள்ளைச் சட்டையின் கைமடிப்பில் துடைத்து முன்பல்லுக்கு நடுவே வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். கடித்தது தெரியாமல் கடித்து, வெளியே எடுத்து, பல் பட்ட இடத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பல்லுக்குச் சின்னதாகப் பள்ளம் விழுந்தால் ஈரம் சரியாக இருக்கிறது. மெத்தென்று அமுங்கினால் பூசணம் பிடிக்கப் போகிற சரக்கு. படக்கென்று இரண்டாக உடைந்தால் உயிர் போன சரக்கு. இவ்வளவையும் அவர் செய்துகொண்டிருக்கும்போது நான் பின்னால் நின்று, அவரைப் போலவே கண்ணை மூடி, பல்லைக் காட்டி நடிப்பேன். கடைக்கு வந்தவர்கள் சிரிப்பார்கள். அவர் திரும்பிப் பார்க்காமலே, "மாப்ள இன்னும் பல்லு வெளக்கல போலுக்கே" என்பார். அதற்கு இன்னும் அதிகமாகச் சிரிப்பார்கள்.

மாமா என்றால் சொந்த மாமா இல்லை. மேலப்பாளையத்து முஸ்லிம், ஊருக்கு அவர் பாய். எங்கள் பக்கம் இரண்டு வீட்டுக்காரர்கள் பழகிவிட்டால் முறை வைத்துக் கூப்பிடுவதற்கு யாரும் ரத்தத்தைக் கேட்பதில்லை. என் அண்ணன் பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் காப்பித்தூள் கடை வைத்திருந்தான். அந்தக் கடைக்குக் கொட்டை பிடித்துக் கொடுக்கும் தரகர் அவர். எங்களுக்கு அவர் மாமா, என் மதினிக்கு அண்ணாச்சி. அண்ணன் மாரடைப்பில் போன பிறகு மதினிதான் கடையில் உட்கார்ந்தார். வறுப்பது, அரைப்பது, சிக்கரி எவ்வளவு சேர்ப்பது என்று வீட்டுக்கு வீடு ருசி தெரிந்து கலந்து கொடுப்பது எல்லாம் அவர்தான். நான் என்ன செய்தேன் என்றால், தராசுக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். ஐம்பதை நெருங்குகிற ஒருவன் தன் வேலை பேச்சு என்று சொல்லிக்கொள்வது எவ்வளவு லட்சணமாக இருக்கிறது பாருங்கள். ஆனால் உண்மை அதுதான். கடையில் கூட்டம் சேர்ந்தால் யாரும் முணுமுணுக்காமல் நிற்க வேண்டும், அதற்கு நான்.

தரகுத் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் மாமா பதினான்கு வருஷம் துபாயில் ஒரு காப்பிக் கிட்டங்கியில் இருந்தார். உலகத்துப் பச்சைக் கொட்டையெல்லாம் வந்து இறங்கிப் பிரிந்து போகிற இடமாம் அது. தென்னமெரிக்காவை அவர் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் பேச ஆரம்பித்தால் முக்கூடலுக்குப் பஸ் ஏறுவது போலப் பேசுவார். பிரேசிலில் நிலம் சமதளம், பழத்தோடு காயவைப்பான், அதனால் வறுத்தால் கடலை வாசம் வரும். பெருவில் மலைச்சரிவு, அங்கே பனி. கொலம்பியாவில் ஹூய்லா என்றொரு மாவட்டம், ஆண்டிஸ் மலை இரண்டாகப் பிரிந்து நடுவில் ஆறு ஓடும், எரிமலை மண், வருஷத்தில் இரண்டு பறிப்பு. "நமக்குக் காரும் பிசானமும் மாதிரி அங்கன ரெண்டு போகம் மாப்ளே" என்பார். ஆற்றுத் தண்ணீரில் இரண்டு போகம் நெல் பார்த்த ஊருக்கு இதைவிட எப்படிப் புரிய வைக்க முடியும்? நான், "அங்கயும் ஆத்துல ஆகாயத்தாமரை கெடக்கா மாமா?" என்று கேட்பேன். அவர் அதற்கும் யோசித்துத்தான் பதில் சொல்வார். கேலியைக் கேலியென்று எடுத்துக்கொள்ளாத மனிதரைக் கேலி செய்வது எவ்வளவு சுலபம்.

அந்த ஹூய்லாவைச் சேர்ந்த ஒருவர் துபாய்க் கிட்டங்கியில் மாமாவோடு வேலை பார்த்தார். கொட்டையின் தரம் பார்ப்பது அவர் வேலை. பல்லில் கடித்துப் பார்க்கும் வித்தையை மாமா கற்றுக்கொண்டது அவரிடம்தான். மாமாவுக்கு ஸ்பானிஷ் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேரும் அரைகுறை அரபியில் பேசி, ஒரே தட்டில் சோறு தின்று பதினான்கு வருஷத்தை ஓட்டியிருக்கிறார்கள். மாமா அவரை 'அகீ' என்றுதான் சொல்வார். அரபியில் என் சகோதரன் என்று அர்த்தம். அகீ பிறகு ஊருக்குத் திரும்பி, அப்பா விட்டுப்போன மலைத்தோட்டத்தில் அராபிக்கா காப்பி பயிர் செய்தார்.

மதினிக்கு ஓர் ஆசை இருந்தது. அண்ணன் விட்டுப்போன கடையை அப்படியே ஓட்டுவது ஒன்று, தான் ஆரம்பித்ததென்று ஒன்றைச் செய்வது வேறொன்று. திருநெல்வேலி ஜங்ஷனில் ஓட்டல் வைத்திருக்கும் ஒரு முதலாளி புதிதாகக் காப்பிக்கென்றே தனிக்கூடம் திறக்கப் போவதாகவும், அங்கே சிக்கரி கலக்காத நல்ல வெளிநாட்டுக் கொட்டையில் டிக்காஷன் போட நினைப்பதாகவும் சொன்னார். மதினி மாமாவிடம் கேட்டார். மாமா அகீயிடம் கேட்டார். துபாய் வழியாக, தூத்துக்குடித் துறைமுகத்தில் எல்லாக் காகிதமும் காட்டி, ஓர் அரைச் சாக்கு வந்து சேர்ந்தது. மேலே சணல் சாக்கு, உள்ளே தடித்த பிளாஸ்டிக் உறை. மாமா அதை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "இது என் அகீ வீட்டுச் சரக்கு தங்கச்சி. கெட்டுதுன்னா அவன் பேரு மட்டும் கெடாது, எம் பேரும் சேந்து கெடும்." வெளிச்சம் படக்கூடாது, காற்றுப் படக்கூடாது, வறுக்கிற அன்றைக்குத்தான் பிரிக்க வேண்டும் என்றும் சொன்னார். நான் பக்கத்தில் நின்று, "சாக்குக்குப் பர்தா போட்டுருவோம் மாமா" என்றேன்.

மகளின் பிரசவத்துக்காக மதினி இரண்டு வாரம் கோயம்புத்தூர் போனார். அரைச் சாக்கு கடையின் மாடியறையில், மரப்பலகை மேல் இருந்தது. அந்த ஐப்பசியில் மழை ஐந்து நாள் விடாமல் அடித்தது. ஆற்றில் தண்ணீர் படித்துறையை மூடிவிட்டது. கடைச் சுவரெல்லாம் வேர்த்தது. தீப்பெட்டி பற்றவில்லை. ஆறாம் நாள் மாடியறைக்குப் போன எனக்கு ஒரு யோசனை வந்தது. என் வாழ்க்கையில் வந்த யோசனைகளைக் கணக்கெடுத்தால் பெரும்பாலும் மழைநாளில்தான் வந்திருக்கின்றன. உள்ளே பிளாஸ்டிக் உறை. வெளியே இந்த ஈரம். புழுங்கிப் போயிருக்குமோ?

பிரித்துப் பார்த்தேன். எங்கள் கடைக்கு வருவது பெரும்பாலும் பழத்தோடு காயவைத்த மலிவு ரகம். மஞ்சளும் பழுப்புமாக இருக்கும். நல்ல ரகமாக வருவதும் ஏதாவதொரு கிட்டங்கியில் கிடந்து வெளுத்துப்போய்த்தான் வரும். இதுவோ நீலம் கலந்த பச்சை. மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் வெட்டிப்போட்ட ஈரப்புல் வாசம். புதுக் கொட்டையின் அழகே அந்த நிறமும் அந்த வாசமும்தான் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. பூசணம். மாமாவுக்குப் போன் செய்திருக்கலாம். செய்தால், பிரிக்காதே என்றதை ஏன் பிரித்தாய் என்பார். கையில் போனை வைத்துக்கொண்டு மாடியறையில் மூன்று சுற்றுச் சுற்றினேன். பிறகு அதே போனில், காப்பிக்கொட்டை பச்சையாக இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தேடினேன். வறுக்க வேண்டும் என்று வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது.

ஏழாம் நாள் மழை விட்டு வெயில் அடித்தது. சுள்ளென்று, மழையைக் கழுவித் துடைத்த வெயில். எங்கள் வீடுகளில் எதற்கும் வெயில்தான் மருந்து. அரிசியில் வண்டு என்றால் வெயில். புளி, மிளகாய், தலையணை, நனைந்த பத்திரம், மஞ்சள் காமாலைப் பிள்ளை, எல்லாவற்றுக்கும் வெயில். வெயிலில் போட்டுக் கெட்டது என்று ஒரு பொருளை நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. கடையில் கிடந்த பழைய கோணிகளை மொட்டைமாடியில் வரிசையாக விரித்தேன். அரைச் சாக்குக் கொட்டையையும் அதில் கொட்டிப் பரப்பினேன். மூன்று நாள். காலையில் பரப்பி, நண்பகலில் காலால் துழாவிப் புரட்டி, சாயங்காலம் அள்ளினேன். ஒரு காக்கா வந்து ஒன்றைக் கொத்தி, யோசித்து, துப்பிவிட்டுப் போனது. அன்றைக்கு அந்த மாடியில் அறிவுள்ள உயிர் அது ஒன்றுதான். மூன்றாம் நாள் சாயங்காலம் பச்சையெல்லாம் போய்க் கொட்டைகள் கொண்டைக்கடலை போல வெளுத்து நின்றன. பூசணத்தை விரட்டிவிட்ட சந்தோஷத்தில் உறையில் நிரப்பி, கோணி ஊசியால் பழைய துளையிலேயே நூலைக் கோத்து, பிரித்த தடம் தெரியாமல் தைத்தேன். எனக்கு அவ்வளவு நேர்த்தியாகத் தைக்க வரும் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

மதினி திரும்பி வந்தார். நாள் குறித்து ஓட்டல் முதலாளியை வரச் சொன்னார். மாமா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். வழக்கமான வாடிக்கைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்க்க நின்றார்கள். மதினி சாக்கைப் பிரித்ததும் ஒரு கணம் நின்றதை நான் பார்த்தேன். ஆனால் அவரும் இந்தச் சரக்கைப் புதிதாகப் பார்க்கிறவர். மாமா வேறொரு மூலையில் முதலாளியோடு ஹூய்லா மலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வறுக்கும்போதே சரியில்லை. பாதிக் கொட்டை கருகியது, பாதி வெளிறியே நின்றது. மதினி அரைத்து, டிக்காஷன் இறக்கி, டம்ளரில் ஆற்றிக் கொடுத்தார். முதலாளி ஒரு வாய் உறிஞ்சினார். விழுங்குவதா துப்புவதா என்று அவர் முகம் யோசித்தது. டம்ளரைப் பைய மேசையில் வைத்தார்.

எனக்குப் பயம் வந்தால் வாய் தானாக ஓடும். பிறவிக் குணம். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் பிரம்பை எடுத்தால் நான்தான் முதலில் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பேன், அடி கொஞ்சம் குறையும். அன்றைக்கும் நானும் ஒரு டம்ளரை எடுத்துக் குடித்துப் பார்த்தேன். கோணி வாசம். பழைய, தூசி ஏறிய, வெயிலில் காய்ந்த கோணியின் வாசம். அந்தக் கோணி எதுவென்று அந்தக் கடையில் என் ஒருவனுக்குத்தான் தெரியும். வாய் ஓடியது. "கொலம்பியாக்காரன் கொட்டைய அவன் வச்சுக்கிட்டுக் கோணிய ஊறவச்சு அனுப்பிட்டான்வே" என்றேன். ஏழெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார், அவருக்கு எழுந்து போக ஒரு வழி கிடைத்தது. வாசல்படி இறங்கும்போது அந்த ஏழெட்டில் ஒருவர், "அப்போ இனிமே இவரு கோணி பாய்தான்" என்றார். பெயர் வைத்தது அவர்தான் என்று நான் பல நாள் எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். துணியை எடுத்துக் கொடுத்தது நான், தைத்தது அவர்.

மாமா சிரிக்கவில்லை. சாக்குக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்தார், துடைத்தார், கண்ணை மூடிப் பல்லில் வைத்தார். படக்கென்று சத்தம் கேட்டது. அவருக்குப் பின்னால் நின்று நடிக்க அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. உடைந்த இரண்டு துண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே, "இது இப்படி வந்த சரக்கு இல்ல தங்கச்சி" என்றார். மதினி, தையல் பிரியாமல் இருந்ததைத் தானே பார்த்ததாகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, யாரும் தொட்டாங்களா?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட கேள்விகளிலேயே சுலபமான கேள்வி அது. நான் சொன்னேன்: "சாக்கப் பாத்தாலே எனக்குத் தும்மல் வரும் மதினி, நான் எங்க தொட?" அதற்கும் சிரிப்பு வந்தது. மாமா மீதிச் சரக்கை ஆட்டோவில் ஏற்றித் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். போகும்போது மதினியிடம் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு. நான் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு மாமா கடைக்கு வருவது நின்றது. மதினி வேறு தரகர் பார்த்தார். வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை என்றாலும், அண்ணன் காலத்திலிருந்து நம்பிய ஆள் ஏமாற்றிவிட்டார் என்கிற கசப்பு அவர் முகத்தில் இருந்தது. பெயர் மட்டும் கடையைத் தாண்டி, மார்க்கெட்டைத் தாண்டி, ஆற்றுப்பாலம் ஏறி ஜங்ஷன் வரை போய்விட்டது. டீக்கடையில் டிக்காஷன் சரியில்லை என்றால், "என்ன வே, கோணி பாய் சரக்கா?" என்பார்கள். நானும் இருந்தால் சிரித்திருக்கிறேன். சிரிக்காவிட்டால் சந்தேகம் வருமே. ஒன்றரை வருஷம் இப்படிப் போனது. இந்த ஒன்றரை வருஷத்தில் நான் நன்றாகத் தூங்கவில்லை என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். தூங்கினேன். அதுதான் இன்னும் கேவலம்.

ஒரு நாள் மத்தியானம் வேறு வேலையாக மேலப்பாளையம் போயிருந்தேன். பெரிய அட்டைப் பெட்டியோடு கூரியர்க்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி வழி கேட்டார். பெட்டியில் மாமாவின் பெயர் எழுதியிருந்தது. முழுப்பெயர், தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "இந்தப் பேரச் சொன்னா யாருக்கும் தெரியல அண்ணாச்சி. கோணி பாய்னு கேட்டாத்தான் தெருவக் காட்டுதாங்க. அவரு வீடு எது?" நான் கையை நீட்டி வீட்டைக் காட்டினேன். அவர் போய்விட்டார். நீட்டிய கை அப்படியே நின்றது. அந்த மனிதர் பிறந்து வளர்ந்த தெருவில் அவருடைய பெயர் செல்லவில்லை, நான் பயத்தில் உளறியது செல்கிறது. எதிரே கடை வைத்திருந்தவர் என் கையைப் பார்த்துவிட்டு, யாருக்கு ஆசீர்வாதம் செய்கிறேன் என்று கேட்டார். வேறு நாளென்றால் அதற்குப் பதில் சொல்லியிருப்பேன்.

மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிவாக்கில் மாமா வீட்டுக்குப் போனேன். முதலில் மதினியிடம்தானே சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கு மதினியிடம் பயம் அதிகம். வழியில் இரண்டு முறை வண்டியைத் திருப்பினேன். ஒரு முறை பெட்ரோல் போட்டேன், தேவையே இல்லாமல். மாமா முன்னறையில் தனியாக இருந்தார். ஒன்றரை வருஷம் கழித்துப் போனவனை, "வா மாப்ளே, உக்காரு" என்றார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். எங்கோ நடுவில் ஒரு கேலி வந்து வாயில் நின்றது, விழுங்கினேன். அவர் மூன்றே கேள்வி கேட்டார். எத்தனை நாள்? மூன்று நாள். எங்கே? மொட்டைமாடியில். எதன் மேல்? கோணியில்.

மூன்று பதிலையும் மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். பிறகு, "அப்போ அன்னைக்கு நீ சொன்னது பொய் இல்ல மாப்ளே. கோணி வாசந்தான்" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ருசியைச் சரியாகச் சொன்னேன் என்று ஒத்துக்கொண்டார். அவருக்கு அது அவ்வளவு முக்கியம். அதற்கப்புறம்தான் குரல் மாறியது. "ஊரு என்னக் கோணி பாய்ன்னுச்சு, சரி. நான் எங்க அகீய என்ன சொன்னேன்னு ஒனக்குத் தெரியுமா? பழைய சரக்கத் தள்ளிவிட்டுட்டேன்னு சொன்னேன். ஒன்னய நம்பி எம் பேரப் போக்கிட்டேன்னேன். பதினாலு வருசம் ஒரே தட்டுல தின்னவன்ட்ட." அகீ ஒரே ஒரு முறை இல்லை என்று பதில் அனுப்பியிருக்கிறார். மாமா நம்பவில்லை. அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "எங்கிட்டச் சொல்லாத. அவன்ட்டச் சொல்லு" என்று போனை எடுத்தார்.

எனக்கு வந்த பீதியை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. கொலம்பியாக்காரரிடம் எந்தப் பாஷையில் மன்னிப்புக் கேட்பது? அவர் என்ன செய்துவிடுவார் என்று பயந்தேனோ தெரியவில்லை. இடையில் இரண்டு சமுத்திரம் இருக்கிறது. ஆனாலும் நாற்காலிக்குப் பின்னால் நகர்ந்து நின்றேன். நமக்குச் சாயங்காலம், அங்கே காலை ஏழு மணி. மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டார் என்று நான் நிம்மதிப் பெருமூச்சு விடப் போகும்போது திரையில் தொப்பி வைத்த ஒரு முகம் வந்தது. மாமா அரபியில் பேசத் தொடங்கினார். ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. ஆனால் குரல் உடைவதற்குப் பாஷை வேண்டாம். பிறகு போனை என் பக்கம் திருப்பினார். நான் தமிழில் சொன்னேன், அவர் வரிவரியாக அரபியில் சொன்னார்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அகீயின் தோளுக்குப் பின்னால் ஒன்றைப் பார்த்தேன். வீட்டுக்கு மேலே தட்டையான சிமெண்ட் தளம். ஒரு பக்கம், மழை வந்தால் இழுத்து மூடுகிற தகரக் கூரை, சக்கரம் வைத்தது. தளம் முழுக்கக் காப்பிக்கொட்டை காலை வெயிலில் பரப்பிக் கிடந்தது. அறுபது வயசிருக்கும் ஒரு பெண்மணி நீளக் கம்பு கட்டிய பலகையால் அதைப் புரட்டிக்கொண்டிருந்தார். என் வாய்க்கு உயிர் வந்துவிட்டது. "மாமா, அவங்களும் மொட்டமாடிலதானே காயப்போடுதாங்க!" என்றேன். தப்பித்துவிட்டேன் என்றே நினைத்தேன். மாமா அதை மொழிபெயர்க்கவில்லை. என்னைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: "அது ஓட்டோட கெடக்கு. அது நெல்லு மாப்ளே. நீ காயப்போட்டது அரிசி."

தாமிரபரணித் தண்ணீர் பாய்ந்த வயலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அகீ திரும்பி அந்தப் பெண்மணியைக் கூப்பிட்டார். அவருடைய அக்காவாம். அந்த அரைச் சாக்கைக் காயவைத்தது அவர்தானாம். மாமாவின் வசவு போய்ச் சேர்ந்த பிறகு, பிசகு காயவைத்ததில்தான் இருக்க வேண்டும் என்று அகீ முடிவு செய்து, இரண்டு பறிப்புக்கு அந்த வேலைக்கு வெளியாள் வைத்திருக்கிறார். சின்ன வயதிலிருந்து அந்தத் தளத்தில் கொட்டை புரட்டியவரைக் கீழே அனுப்பிவிட்டார். இந்தப் பறிப்புக்குத்தான், வெளியாள் கிடைக்காமல், மறுபடி மேலே ஏறியிருக்கிறார். தம்பி தன் மொழியில் சொல்லச் சொல்ல அந்த அம்மாள் பலகையைக் கீழே வைக்காமலே கேட்டார். திரையில் என்னை உற்றுப் பார்த்தார். நான் எழுந்து நின்று கும்பிட்டேன். அது அங்கே என்ன அர்த்தமோ தெரியாது. ஒரே ஒரு கேள்வி கேட்டார். அது ஸ்பானிஷிலிருந்து அரபிக்கும் அரபியிலிருந்து மேலப்பாளையத் தமிழுக்கும் மாறி என்னிடம் வந்து சேர்ந்தது. "கடைக்கார அம்மா இதக் கேட்டுட்டு என்ன சொன்னாங்கன்னு கேக்குது, மாப்ளே."

மதினியிடம் நான் இன்னும் சொல்லவே இல்லை. மாமாவுக்கு அப்போதுதான் அது புரிந்தது. அவரும் என்னைப் பார்த்தார். உலகத்தின் இரண்டு மூலையிலிருந்தும் பார்க்கிறார்கள், நடுவில் நான். அந்த அம்மாள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பலகையை எடுத்துக்கொண்டு தளத்துக்குத் திரும்பிவிட்டார்.

அங்கிருந்து நேராகக் கடைக்குப் போனேன். சாயங்காலக் கூட்டம். மதினி மெஷினில் அரைத்துக்கொண்டிருந்தார். காதுக்குப் பக்கத்தில் போய்ச் சொன்னேன். சத்தத்தில் பாதி கேட்கவில்லை, மெஷினை நிறுத்தினார். முழுதும் கேட்டார். கையில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிவிட்டார். எனக்கு அண்ணன் கல்யாணத்திலிருந்து அவரைத் தெரியும். கோபம் வந்தால்தான் தம்பி கொழுந்தனாராக மாறுவேன். "கொழுந்தனாரே, அன்னைக்கு அதச் சத்தமாச் சொன்னீங்க. இத எதுக்கு எங் காதுல சொல்லுதீங்க?" என்றார். மெஷினைப் போடவில்லை.

கடையில் பத்துப் பேர் இருப்பார்கள். தராசுக்குப் பக்கத்தில், என் வழக்கமான இடத்தில் நின்று, சத்தமாகச் சொன்னேன். அந்தக் கோணி வாசத்துக்குக் காரணம் பாய் இல்லை, நான்தான், சாக்கைப் பிரித்தேன், மொட்டைமாடியில் மூன்று நாள் காயப்போட்டேன், பிறகு தைத்து வைத்தேன், கேட்டபோது பொய் சொன்னேன். காக்கா கொத்தித் துப்பியதைக் கூடச் சொன்னேன், எதையும் மறைக்கக் கூடாது என்று. அங்கேதான் தப்புச் செய்தேன். காக்கா என்றதும் முன்னால் நின்றவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பின்னால் நின்றவர்கள் தொடர்ந்தார்கள். "ஒண்ணரை வருசம் கழிச்சுப் புதுசா ஒண்ணு கட்டுதாரு பாருங்க" என்று ஒருவர் கண்ணைத் துடைத்தார். இல்லை, நிஜமாக என்றேன். அதற்கு இன்னும் சிரித்தார்கள். மதினி மெஷினைப் போட்டார்.

மறுநாளே மதினி மேலப்பாளையம் போய் மாமாவைப் பார்த்துவிட்டு வந்தார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. நான்கு மாதத்தில் ஹூய்லாவிலிருந்து இன்னோர் அரைச் சாக்கு வந்தது. ஓட்டல் முதலாளி அதற்குள் வேறு ஆளைப் பிடித்துவிட்டார், அவர் திரும்பி வரவில்லை. மதினி அதைத் தன் கடையிலேயே வறுத்து விற்கிறார். சாக்கைப் பிரிக்கும்போது நான் மாடியறைப் பக்கம் போவதில்லை. போகச் சொல்லவும் மாட்டார்கள்.

மாமா மாதம் ஒரு முறை வருகிறார். போன வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து, தொப்பியை மடித்துப் பையில் வைத்தபடி படியேறினார். நாங்கள் நெடுநாளாகத் தூள் கொடுக்கும் ரிட்டயர்டு தாசில்தார் ஒருவர் பெஞ்சில் இருந்தார். நல்ல மனிதர், கெட்ட எண்ணம் கிடையாது. "வாங்க கோணி பாய், சௌக்கியமா?" என்றார். நான் தராசை விட்டு முன்னால் வந்து, ஐயா, அந்தப் பெயர் அவருக்குச் சேராது, அந்தக் கொட்டையைக் கெடுத்தவன் நான், என்று ஆரம்பித்தேன். இது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். தாசில்தார் என்னை முடிக்க விடவில்லை. வெயில் என்கிற இடம் வருவதற்குள்ளேயே குலுங்க ஆரம்பித்துவிட்டார். "அந்தக் காக்காவையும் சொல்லும் வே" என்று எடுத்துக் கொடுத்தார். நான் மாமாவைப் பார்த்தேன். வயசான மனுஷர் இவ்வளவு சந்தோஷமாகச் சிரிக்கும்போது எப்படிச் சும்மா நிற்பது என்று நினைத்தாரோ என்னவோ, அவருக்காக மாமாவும் சேர்ந்து சிரித்தார்.